சோற்றோடு ஒரு கொய்யா

கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் தட்டில் இருக்கும் இரும்பெல்லாம் ரத்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை. சோறு, பருப்பு, கீரை இவற்றிலுள்ள இரும்பில் பெரும்பங்கு குடல் வழியாக வெளியே போய்விடும். சேர்வது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கூட்ட முடியுமா?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதைச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்கள் உங்களுக்கு அண்ணன், அக்கா வயதுள்ள பள்ளிப் பிள்ளைகள்: 13 முதல் 15 வயது வரை, மொத்தம் 16 பேர். ஒருமுறை வழக்கமான சோற்றுச் சாப்பாடு. இன்னொருமுறை அதே சாப்பாடு, கூடவே 100 கிராம் கொய்யா. வேறெதுவும் மாறவில்லை.

சரி, ரத்தத்தில்தான் ஏற்கெனவே இரும்பு ஓடுகிறதே, புதிதாக வந்த இரும்பை எப்படி அடையாளம் காண்பது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரும்பு அணுக்கள் எல்லாமே ஒரே எடை கொண்டவை அல்ல. நூற்றில் ஏறத்தாழ 92 அணுக்கள் இரும்பு-56 என்ற வகை. சற்றே கனமான இரும்பு-57, நூற்றுக்கு இரண்டுதான். அதிலிருந்து கதிர்வீச்சு வராது, கெடுதலும் இல்லை. அந்த அபூர்வ இரும்பைச் சாப்பாட்டில் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு ரத்தத்தில் அது எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளந்தால், சாப்பாட்டிலிருந்து வந்த பங்கு தெரிந்துவிடும்.

கொய்யா இல்லாதபோது, சாப்பாட்டிலிருந்த இரும்பில் மாணவிகளின் உடலில் சேர்ந்தது சராசரியாக 9.7 சதவீதம். கொய்யா சேர்ந்ததும் 23.9! மாணவர்களுக்கு 8.6 சதவீதம் 19.2 ஆனது. இரண்டு மடங்குக்கும் மேல்.

காரணம் வைட்டமின் சி. 100 கிராம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஆரஞ்சில் சுமார் 50தான். தாவர உணவிலுள்ள இரும்பு எளிதில் கரையாத வடிவில் இருக்கும். வைட்டமின் சி அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து, குடல் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. இந்த வேலை உணவும் பழமும் வயிற்றில் ஒன்றாக இருக்கும்போதுதான் நடக்கும். மதியம் சோறு, மாலையில் கொய்யா என்றால் இந்தப் பலன் கிடைக்காது. சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தாலோ, அதிலுள்ள டானின் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

பதினாறு பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இந்தச் சோதனையை நான் நம்புகிறேன். ஒரே பிள்ளையின் இரண்டு சாப்பாடுகளை ஒப்பிட்டதால், ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு குழப்பவில்லை. துத்தநாகச் சத்தையும் கூடவே அளந்தார்கள். கொய்யாவால் அதில் மாற்றம் ஏதும் இல்லை; அதையும் மறைக்காமல் எழுதினார்கள். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மருத்துவர் தரும் மாத்திரைக்குப் பதிலாகக் கொய்யா போதும் என்றும் இந்தச் சோதனை சொல்லவில்லை.