பழைய காருக்கு ஏற்ற எண்ணெய்

என்னிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருக்கிறது. அது என் தந்தையார் ஓட்டிய வண்டி. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் நடைபெற்றுவந்த அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. இனி அதன் எஞ்சின் கெட்டுவிட்டால் தொழிற்சாலையிலிருந்து புதியதொன்றை வரவழைக்க இயலாது. இருப்பதைப் பேணிக் காப்பதே வழி. அதற்கு முதன்மையாக வேண்டுவன தக்க எண்ணெயும் தக்க வடிகட்டியும் ஆகும். இவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை நான் செய்த பிழையிலிருந்தே தொடங்கிக் கூறுகிறேன்.

ஒரு கோடைக்காலத்தில் கடைக்குச் சென்று, அங்கிருந்தவற்றுள் விலை மிகுந்த எண்ணெயை வாங்கி வண்டியில் ஊற்றச் செய்தேன். அதன்மேல் ‘5டபிள்யூ-30’ என்று எழுதியிருந்தது. மறுநாள் நண்பகலில், நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய வண்டியை ஒரு நாற்சந்தியில் நிறுத்தினேன். எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் சரசரவென்று கீழே இறங்கிவிட்டது. அஞ்சிப்போய் எஞ்சினை நிறுத்திவிட்டு, அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். “எண்ணெய் நல்ல எண்ணெய்தான், சார். ஆனால் இந்த வண்டிக்கு உரியதல்ல” என்றார். அதன் பொருளை நான் பின்னரே நன்கு விளங்கிக்கொண்டேன்.

எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு பேரிங்குகளின்மேல் அமர்ந்திருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், எஞ்சின் ஓடும்போது அத்தண்டு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இரண்டிற்கும் இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். பல்லாண்டுகள் ஓடித் தேய்ந்த எஞ்சினில் அவ்வெளி சற்றே அகன்றுவிடும். அப்போது நீர்த்த எண்ணெய் விரைந்து வழிந்தோடிவிடுகிறது. அழுத்தம் குறைகிறது, படலம் அறுகிறது, உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. என் வண்டியில் இருப்பது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, இங்கிலாந்தில் உருவான பி வரிசை எஞ்சின். அக்காலத்துக் கெட்டியான எண்ணெய்களைக் கருதி அமைக்கப்பட்டது அது.

எண்ணெயின் கெட்டித்தன்மையைப் பாகுநிலை என்று கூறுகிறோம். வெல்லப்பாகு ஆறினால் இறுகுவதையும் சூடேற்றினால் இளகுவதையும் நம் வீட்டுச் சமையலறையில் கண்டிருப்பீர்கள். எண்ணெயும் அவ்வாறே. அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் 1911ஆம் ஆண்டில் எண்ணெய்களைப் பாகுநிலைக்கேற்ப வகுத்து எண்கள் அளித்தது. அவ்வகைப்பாடு பலமுறை திருத்தப்பெற்று இன்றும் வழங்குகிறது. ‘20டபிள்யூ-50’ என்பதில் முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கும். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைச் சுட்டும் ஆங்கில எழுத்து. இரண்டாம் எண் சூடேறிய நிலையைக் குறிக்கும். 100 டிகிரி செல்சியசில் 30 எண் எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும். 50 எண் எண்ணெய்க்கு அது 16.3 முதல் 21.9 வரை ஆகும். உறைபனியையே அறியாத நமது சமவெளியில் முதல் எண் 20 ஆக இருப்பதால் தீங்கில்லை. எனவே 20டபிள்யூ-50 என் வண்டிக்குப் பொருந்துகிறது. அதை ஊற்றியபின் முள் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

அப்படியானால் இன்னும் கெட்டியான எண்ணெய் இன்னும் நல்லதன்றோ என்று கேட்பீர்கள். அன்று. மிகவும் கெட்டியான எண்ணெய் காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது மேற்பகுதியிலுள்ள உறுப்புகளை எட்டத் தாமதமாகும். எரிபொருளும் வீணாகும். வண்டியின் கையேடு கூறும் அளவே நமக்கு வழிகாட்டி.

பாகுநிலையோடு இன்னொன்றையும் காண வேண்டும். பழைய எஞ்சின்களில் கேம் தண்டின் முனைப்புகள் தட்டையான டேப்பட்டுகளின்மேல் அழுந்தி உரசுகின்றன. அவ்விடத்தைக் காப்பது எண்ணெயில் கலந்துள்ள, துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். ஆனால் பாஸ்பரசு, புதிய கார்களில் புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியைக் கெடுக்கவல்லது. ஆதலால் புதிய கார்களுக்கான நீர்த்த எண்ணெய்களில் அதன் அளவு ஏறத்தாழ 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கப்பட்டுள்ளது. புதிய வண்டிக்கு நன்மையான இக்குறைப்பு பழைய வண்டிக்கு உகந்ததன்று. பழைய எஞ்சினுக்கு உரியதென்று தயாரிப்பாளரே கூறும் எண்ணெயை வாங்குவது நலம். தனியே துத்தநாக மருந்து வாங்கிக் கலக்க வேண்டாம். அளவு மிஞ்சினால் அதுவும் கேடே.

இனி வடிகட்டி. முழுவோட்ட முறையில் அமைந்த எஞ்சினில் பம்பு தள்ளும் எண்ணெய், மடிப்பு மடிப்பான தாளினூடே புகுந்து தூய்மையடைந்த பின்னரே பேரிங்குகளை அடைகிறது. தாள் அடைபட்டுவிட்டால் ஒரு சிறு வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விடுகிறது. எண்ணெயே இல்லாமல் போவதைக் காட்டிலும் அழுக்கெண்ணெய் மேல் என்பது அதன் தத்துவம். ஆகவே பழைய வடிகட்டியை வைத்துக்கொண்டு புது எண்ணெய் ஊற்றுவது, அழுக்குத் துணியில் பாலை வடிகட்டுவது போன்றதே. வடிவம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. வால்வு திறக்கும் அழுத்தமும் நம் எஞ்சினுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

கிண்ணத்தினுள் பொருத்தும் பழைய வகை வடிகட்டியில் ஓர் ஆபத்து உண்டு. கிண்ணத்தின் மேல்விளிம்பு பதியும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய வளையத்தை நீக்காமல் அதன்மேலேயே புதியதை வைத்துவிட்டால் எண்ணெய் பீறிட்டு வெளியேறிவிடும். எஞ்சின் இறுகிப்போகச் சில நிமிடங்களே போதும். எனவே பழைய வளையத்தைக் கண்ணால் கண்டு, கையில் எடுத்த பின்னரே புதியதைப் பொருத்துக. பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கீழே குனிந்து கசிவு உண்டா என்று பார்க்கவும்.

வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை எண்ணெயை மாற்றுதல் வேண்டும். குறைந்த தொலைவே ஓடும் வண்டியின் எண்ணெயில் நீரும் பெட்ரோலும் கலந்து அமிலம் உண்டாகிறது.

நண்பர்களே! கடைக்காரரிடம் நான் அன்று கேட்டது, “எது உயர்ந்த எண்ணெய்?” என்ற கேள்வி. கேட்டிருக்க வேண்டியது, “இந்த எஞ்சினுக்கு எது பொருந்தும்?” என்பதாகும். இன்று கையேட்டைப் பார்த்தபின்னரே கடைக்குச் செல்கிறேன். என் தந்தையாரின் வண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.