தரங்கம்பாடியும் ஏலாக்குறிச்சியும்

தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரை அறியாத தமிழ் மாணவர் நம்மிடையே இல்லை. அவர் பெரிய வாதப் போர்க்காரர் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? 1728-இல் அவர் எழுதிய வேதவிளக்கம் தரங்கம்பாடியிலிருந்த லுத்தர் சபைப் பாதிரிமார்களுக்கு எதிராக எழுந்த நூல். ஏசுநாதரை வணங்கும் இரு சாரார் தமிழ் மண்ணில் தமிழிலேயே மோதிக்கொண்டனர். எதற்காக?

மோதலின் வித்து நூறாண்டு பழையது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நோபிலி காவி உடுத்தார், புலால் ஒழித்தார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற அந்தணர் பூணூலையும் குடுமியையும் விடவேண்டியதில்லை என்றார். 1623-இல் போப்பாண்டவரும் அதற்கு இசைந்தார். பின்னர் 1640 முதல், ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் செல்வதற்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவே ஏற்பட்டது.

1706-இல் டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவர் வழிவந்தோரும் இதைத்தான் சாடினர். பெயர் மாறுகிறது, மனம் மாறவில்லை. கோயில் தேருக்குப் பதில் மாதா தேர். வேதம் மக்கள் கைக்கு வருவதில்லை. சாதி அப்படியே இருக்கிறது என்பது அவர்கள் வழக்கு. பெர்லின் அரச நூலகர் லா குரோஸ் 1724-இல் வெளியிட்ட இந்தியக் கிறித்தவ வரலாறு இவ்வழக்கை ஐரோப்பாவெங்கும் பரப்பியது.

ஆனால் குற்றச்சாட்டு புதிதன்று. நோபிலியின் உடை, பூணூல் பற்றி முதலில் முறையிட்டவர் அவருடைய சேசு சபையையே சேர்ந்த, அதே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ். ஒரு வீட்டுச் சண்டையில் பிறந்த சொற்களை அடுத்த வீட்டார் கடன் வாங்கினர் எனலாம். கடன் அதோடு நிற்கவில்லை. சீகன்பால்கு கத்தோலிக்கரின் தமிழ் நூல்களைத் தேடிப் படித்து, தமக்கு ஒவ்வாததை நீக்கிவிட்டுப் பயன்படுத்தினார். ஏசிய வீட்டுக் கிணற்றில்தானே தண்ணீர் மொண்டார்!

முனிவர் சும்மா இருப்பாரா? லுத்தர் சபையார் ‘திருச்சபை பேதகம்’ வெளியிட, ‘பேதகமறுத்தல்’ எழுதினார். அவர்களுடைய வேதமொழிபெயர்ப்பின் தமிழ்நடையை எள்ளி நகையாடினார். தமிழ் பயிலும் நமக்கு அது சுவைக்கத்தான் செய்கிறது. எனினும் சாதியைப் பற்றிய கேள்விக்கு அது விடையாகுமா? ஆகாது என்பதே என் எண்ணம்.

கேட்டவர்களாவது விடை வைத்திருந்தார்களா? தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரராயிருந்தவர் இராஜநாயக்கன்; பறையர் குலத்தவர், கத்தோலிக்கர். சீகன்பால்குவின் தமிழ் வேதத்தைப் படித்தார். அதன் தமிழ்நடை அவருக்குத் தடையாயிருக்கவில்லை. தாமே நாடிச்சென்று லுத்தர் சபையில் சேர்ந்து, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தார். நோபிலியின் முறையைக் கண்டித்த சபைக்கு இவரைவிடச் சிறந்த சான்று கிடைத்திருக்குமா?

1733-இல் ஆரோன் என்ற வேளாளருக்கு அச்சபை குருப்பட்டம் தந்தது. அடுத்து இராஜநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. அவர் கையால் நற்கருணை வாங்க மேற்சாதியார் இசையமாட்டார் என்று பாதிரிமார் தயங்கினர். 1741-இல் பட்டம் தியாகு என்ற மற்றொரு வேளாளருக்குப் போயிற்று. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.