மூங்கில் சிறைக்குள் ஒரு பஞ்சாப்

இந்தியப் பூதத்துக்காக அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி ஒரு கூண்டு கட்டியது. விதிகளில் புத்திசாலித்தனம் இருந்தது. ஊர்ப் பெயர் மட்டும் இரவல்.

அமெரிக்காவில் ஞாயிறு இரவு என்றால் கிழக்கு டெல்லியில் திங்கள் காலை. 2017 ஜூலை 24-ம் தேதியும் அப்படித்தான் விடிந்தது. மயூர் விஹார் ஃபேஸ் 1-ல் ஸ்கூல் பஸ் வந்து நிற்கிற வேளையில், பிலடெல்பியாவின் வெல்ஸ் ஃபார்கோ அரங்கில் மல்யுத்த மேடையைச் சுற்றி இரட்டை மூங்கில் கூண்டு நின்றுகொண்டிருந்தது. உள்ளே ராண்டி ஆர்ட்டன், ஜிந்தர் மஹால் என்று இரண்டு பேர். அணைக்க மனமில்லாமல் டி.வி.யையும், கையில் டிபன் பாக்ஸையும் வைத்துக்கொண்டு நிற்கிற வயது எது என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

போட்டியின் பெயர் 'பஞ்சாபி பிரிசன்'. பஞ்சாபிச் சிறை. டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்கக் கம்பெனி தன் மல்யுத்தக் காட்சிகளுக்காக உருவாக்கிய விசேஷப் போட்டிகளில் இந்தியாவின் பெயரைத் தாங்கி வந்தது இது. பஞ்சாபின் சரித்திரத்திலோ அங்குள்ள அகாடாக்களிலோ இப்படி ஒரு போட்டியைத் தேடிப் பிரயோஜனமில்லை.

விதிகள் சுவாரஸ்யமானவை. ரிங்கைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூண்டுகள். உள்கூண்டு சதுரம், 16 அடி உயரம். அதற்கு வெளியே எட்டுப் பக்கமுள்ள இன்னொன்று, 20 அடி. மூங்கில் கழிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அடுக்குமாடிக்கு வெளிப்பூச்சு நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு சாரம் முளைக்குமே, அதை நாலு பக்கமும் வளைத்துவிட்டால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

உள்கூண்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நாலடிக்கு நாலடியில் ஒரு கதவு. கதவுக்கு ஒரு நடுவர் காவல். வீரர் கேட்டால் அவர் திறந்தாக வேண்டும் - 60 விநாடிக்கு மட்டும். நேரம் முடிந்ததும் சாத்திப் பூட்டுவார். பிறகு அந்தக் கதவு போட்டி முடியும்வரை திறக்காது. நான்கு கதவுகளும் இப்படியே போய்விட்டால் ஏறிக் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெளிக்கூண்டுக்குக் கதவே கிடையாது. இரண்டையும் தாண்டி, இரு கால்களையும் அரங்கத் தரையில் முதலில் ஊன்றுபவர் ஜெயித்தவர். எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணுவது இங்கே செல்லாது. வலி தாங்காமல் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதும் செல்லாது. யார் எதை எடுத்து யாரை அடித்தாலும் தகுதி நீக்கம் கிடையாது.

முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு நடத்துகிற சண்டைக்கு இவ்வளவு விதி எதற்கு? (இது ரகசியமில்லை. விளையாட்டுப் போட்டிகளுக்கான அரசுக் கண்காணிப்பிலிருந்து விலக்குப் பெறுவதற்காக 1989-ல் நியூஜெர்சி மாநில செனட்டிடம் தங்களுடையது கேளிக்கைதான் என்று கம்பெனியே சொல்லிவிட்டது.) விதி வீரர்களைக் கட்டுப்படுத்த அல்ல, பார்ப்பவரைக் கட்டிப்போட. அந்த 60 விநாடிக் கதவைப் பாருங்கள். ஒருவர் அடிபட்டு ஊர்ந்து ஊர்ந்து கதவருகே வருகிறார். தலை வெளியே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மற்றவர் காலைப் பிடித்து இழுக்கிறார். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பூட்டு விழுகிறது. பொங்கல் விழாவில் வழுக்கு மரம் ஏறுகிறவன் பண முடிப்புக்கு ஒரு சாண் கீழே வந்து சறுக்கும்போது ஊரே 'ஐயோ' என்கிறதே, அதே 'ஐயோ'வை ஒரே மேட்சில் நான்கு தடவை வரவழைக்கிற ஏற்பாடு. கம்பெனியின் மற்ற கூண்டுகளில், 1997-ல் வந்த 'ஹெல் இன் எ செல்' உட்பட, கூரை பயமுறுத்தும், இரும்பு பயமுறுத்தும். இங்கே பயமுறுத்துவது நேரம்.

குறையும் உண்டு. இரண்டு அடுக்கு மூங்கிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது டிக்கெட் வாங்கி அரங்கில் உட்கார்ந்தவருக்குச் சரியாகத் தெரியாது. கேமராவுக்காகக் கட்டிய கூண்டு அது. காசு கொடுத்தவருக்குக் கழிகள்தான் மிச்சம்.

கூண்டைப் பிறப்பித்தவர், அல்லது யார் பெயரால் அது பிறந்ததோ அவர், தலிப் சிங் ராணா. ஏழடிக்கு மேல் உயரம். மேடைப் பெயர் 'கிரேட் காளி'. அம்மன் பெயரைத்தான் வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் வாயில் அது 'காலி' ஆனது. அந்தச் சொல்லுக்குத் தமிழிலும் இந்தியிலும் என்ன பொருள் என்று கம்பெனியில் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

பிறப்பால் அவர் பஞ்சாபியும் அல்ல. இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில் திராய்னா என்ற கிராமம். ஏழைக் குடும்பம். கூலி வேலையும் காவலாளி வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவரை அந்த உயரத்துக்காகவே பஞ்சாப் போலீஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த வகையில்தான் பஞ்சாப் உறவு. அங்கே உடற்பயிற்சி, பிறகு 2000-ல் கலிபோர்னியாவில் மல்யுத்தப் பயிற்சி, நடுவே ஜப்பான். 2006 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.இ. மேடையில் முதல் முறையாகத் தோன்றிய அன்றே அண்டர்டேக்கரை அடித்துப் போட்டார். மே 21-ம் தேதி நடந்த போட்டியிலும் அண்டர்டேக்கர் தோற்றார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக, பேச்சாளராக வந்தவர் டைவரி - ஈரானிய வம்சாவளி அமெரிக்கர். இமாசலக்காரரைப் பஞ்சாபியாக்கி, அவருக்காக ஓர் ஈரானிய வம்சத்தவரைப் பேசவைத்து, இரண்டையும் சேர்த்து இந்தியா என்று விற்றார்கள். அமெரிக்க ரசிகருக்கு வித்தியாசம் தெரியாது. இந்திய ரசிகர் கண்டுகொள்ளவில்லை. நம்ம ஆள் அண்டர்டேக்கரை அடித்துவிட்டார், அது போதும்.

அந்த மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள டிரம்ப் கார்டு தெரிந்திருக்க வேண்டும். 1990-களில் டெல்லியிலும் சரி, திருச்சியிலும் சரி, பெட்டிக்கடையில் கிடைத்த அந்தச் சீட்டுக்கட்டில் ஒவ்வொரு வீரரின் உயரம், எடை, மார்பளவு, ரேங்க் எல்லாம் அச்சாகியிருக்கும். யாருடைய எண் பெரிதோ அவனுக்குச் சீட்டு. அண்டர்டேக்கர் கையில் வந்தால் அரசன். 1996-ல் அக்ஷய் குமார் நடித்த 'கிலாடியோன் கா கிலாடி' படத்தில்கூட ஓர் அண்டர்டேக்கர் வந்தார். வந்தது பிரையன் லீ என்ற வேறொரு மல்யுத்த வீரர் என்பது பலருக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. அந்தச் சீட்டுக்கட்டில் இந்தியச் சீட்டுக்கு ஏங்கி வளர்ந்த தலைமுறை, 2006-ல் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தது.

இனி 2006 ஜூலை 23. இண்டியானாபோலிஸ். முதல் பஞ்சாபிச் சிறை. காளி நிபுணர், இது அவர் மண்ணின் சண்டை என்று வாரக்கணக்கில் விளம்பரம். கடைசியில் அவருக்கு ஆட அனுமதி கிடைக்கவில்லை. கல்லீரல் நொதிகளின் அளவு கூடியிருந்ததே காரணம் என்று செய்திகள் சொல்லின. அவருக்குப் பதிலாக பிக் ஷோ. பஞ்சாபிச் சிறையில் ஒரு டெக்ஸாஸ்காரரும் ஒரு தென் கரோலினாக்காரரும் மோதினார்கள். அண்டர்டேக்கர் உள்கூண்டிலிருந்து பிக் ஷோ மீது பாய, வெளிச்சுவர் பிய்ந்து கீழே விழுந்தார்கள். வெற்றி அண்டர்டேக்கருக்கு.

அடுத்த வருஷம் காளி சாம்பியனே ஆகிவிட்டார். 2007 ஜூலையில், 20 பேர் மோதிய போட்டியில் வென்று உலக ஹெவிவெயிட் பட்டம். இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு பட்டம் அதுவரை கிடைத்ததில்லை. செப்டம்பரில் பாட்டிஸ்டா அதைப் பறித்தார். அக்டோபர் 7-ம் தேதி சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டில் மறுபோட்டி - மூங்கில் கூண்டில். இந்த முறை காளி ஆடினார். உள்கூண்டின் உச்சியிலிருந்து வெளிக்கூண்டுக்குத் தாவி, கழிகளைப் பற்றிக்கொண்டு சரசரவென்று இறங்கிவிட்டார் பாட்டிஸ்டா. தனக்காகக் கட்டிய கூண்டில் காளி ஆடியது அந்த ஒரு தடவைதான். அதிலும் தோல்வி.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. ஓடவோ தாவவோ முடியாத உடம்பு அவருடையது. நின்ற இடத்தில் நின்று கையை ஓங்கினால் போதும் என்கிற அளவில்தான் அவருடைய சண்டைகளை அமைத்தார்கள். கதவு திறப்பதும் மூடுவதுமாக ஒரு கூண்டு இருந்தால் ஆட்டத்தின் வேகக் குறைவு வெளியே தெரியாது. சுற்றுமுற்றும் நடக்கிற பரபரப்பு அதை மறைத்துவிடும். ஆனால் ஜெயிக்க ஏற வேண்டும். ஏறுவது யானைக்கான வேலையல்ல. பெயர் காளிக்கு, வெற்றி தாவத் தெரிந்தவருக்கு.

அந்த உயரமே ஒரு நோயின் விளைவு. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்தால் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும்; எலும்பு, தாடை, கை கால் எல்லாம் வளர்ந்துகொண்டே போகும். 2012 ஜூலையில் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்து அவருக்கு அந்தக் கட்டியை அகற்றினார்கள். கூட்டம் கைதட்டிய உடம்பு, மருத்துவர் கவலைப்பட்ட உடம்பு, இரண்டும் ஒன்றே.

சண்டை பொய், விழுவது மெய். 2001 மே மாதம், காளி பயிற்சி பெற்ற அதே கலிபோர்னியாப் பள்ளியில், பயிற்சியின்போது அவர் தூக்கிப் போட்ட சக மாணவர் ஒருவர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அந்த இளைஞருக்குச் சில நாள் முன்புதான் மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது. இருந்தும் பயிற்சி தொடர்ந்தது. 2005-ல் நீதிமன்றத்தில் பள்ளியின் அலட்சியம் நிரூபணமாகி, குடும்பத்துக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தீர்ப்பானது. 'வீட்டில் செய்து பார்க்காதீர்கள்' என்ற எச்சரிக்கை டி.வி.யில் ஓடுவது சம்பிரதாயத்துக்கு அல்ல. எப்படி விழ வேண்டும் என்று வருஷக்கணக்கில் கற்றவர்களுக்கே இந்தக் கதி. சோபாவிலிருந்து தம்பி மேல் குதிக்கிற பையனுக்கு அதைச் சொல்லி யார் புரியவைப்பது?

மயூர் விஹாரிலிருந்து யமுனையைத் தாண்டினால் டெல்லியின் சொந்த மல்யுத்தம் இருக்கிறது. குரு ஹனுமான் நடத்திய அகாடா வடக்கு டெல்லியில். சுஷில் குமாரையும் யோகேஷ்வர் தத்தையும் ஒலிம்பிக் மேடையில் ஏற்றிய சத்ரசால் ஸ்டேடியம் அதே பக்கம். ஜும்மா மசூதியை ஒட்டிய உருது பார்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணைக் கொத்திப் போட்டு நடத்திய தங்கல்களுக்கு விதி ஒன்றுதான்: எதிராளியின் முதுகு மண்ணைத் தொட வேண்டும். கதவில்லை, கடிகாரமில்லை.

நாடகமும் நமக்குப் புதிதல்ல. தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய சண்டைகளைத் தமிழ்நாட்டுத் தாத்தாக்கள் இன்றும் விவரிப்பார்கள். அமிர்தசரஸ் பக்கத்து தர்முசக் கிராமத்தில் பிறந்த அசல் பஞ்சாபி தாராசிங். 1968-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்றவர், 1983-ல் டெல்லியில் நடந்த போட்டியோடு ஓய்வு பெற்றார். சில வருஷம் கழித்து 'ராமாயண்' தொடரில் அனுமார் ஆனார். அவருக்குக் கூண்டு தேவைப்படவில்லை. பெயரே கூட்டத்தைக் கூட்டியது.

பிலடெல்பியாவுக்கு வருவோம். பத்து வருஷமாகக் கிடப்பில் கிடந்த மூங்கிலை 2017-ல் தூசி தட்டி எடுத்ததற்குக் காரணம் ஜிந்தர் மஹால். அவரும் இந்தியாவில் பிறந்தவரல்ல. கனடாவின் கால்கரியில் பிறந்த யுவராஜ் சிங் தேசி; அவருடைய மாமா காமா சிங்கும் அங்கே பேர் வாங்கிய மல்யுத்த வீரர். இந்தியச் சந்தையில் கம்பெனி கண் வைத்திருந்த நேரம். அதுவரை தோற்பதற்கென்றே மேடையேறிக்கொண்டிருந்த ஜிந்தர் அந்த மே 21-ம் தேதி ஆர்ட்டனைத் தோற்கடித்து டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆனார். அமெரிக்க மேடையில் தலைப்பாகையோடு வந்து பஞ்சாபி பேசினார், வில்லன் வேஷம். அங்கே கூட்டம் சீறியது, இங்கே கைதட்டியது.

ஜூலை மேட்ச் 27 நிமிடம் போல ஓடியது. கூட்டாளிகளான சிங் பிரதர்ஸ் ரிங்குக்கு அடியிலிருந்து முளைத்தார்கள். அவர்களில் ஒருவர் கூண்டின் உயரத்திலிருந்து வர்ணனையாளர் மேஜை மேல் விழுந்தார். மூச்சு நிற்க வைத்த காட்சி அதுதான், சாம்பியன்களுடையதல்ல. ஆர்ட்டன் வெளிக்கூண்டில் ஏறி ஜெயிக்கப்போகிற தருணத்தில், மூன்று வருஷத்துக்கு முன் கம்பெனியை விட்டுப் போயிருந்த காளி நடந்து வந்தார். மூங்கில் இடுக்கு வழியே ஆர்ட்டனின் கழுத்தைப் பிடித்தார். ஜிந்தர் இறங்கிவிட்டார். பஞ்சாபிச் சிறையிலிருந்து ஒரு பஞ்சாபி ஜெயித்து வெளியே வந்த ஒரே தடவை அது. உள்ளே இருந்தபோது காளியால் செய்ய முடியாததை, வெளியே நின்று செய்தார்.

பட்டம் நவம்பர் 7-ம் தேதி மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் போனது. டெல்லி நிகழ்ச்சிக்கு ஒரே மாதம்தான் பாக்கி. இரண்டு நாள் என்று அறிவித்திருந்ததை ஒரு நாளாகக் குறைத்தார்கள். டிசம்பர் 9, சனிக்கிழமை, இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கம். மயூர் விஹார்-1 மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தமான இந்திரபிரஸ்தாவுக்கு அருகே. எதிராளி டிரிபிள் எச். மேடையில் வீரர், கம்பெனியில் உயர் நிர்வாகி, முதலாளியின் மருமகன். ஜெயித்தவர் அவரே. ஆட்டம் முடிந்ததும் தோற்றவரும் ஜெயித்தவரும் சேர்ந்து பாங்க்ரா ஆடினார்கள்.

அன்று ரிங்கைச் சுற்றிக் கயிறு மட்டும்தான். பஞ்சாபிச் சிறை இதுவரை மூன்றே முறை நடந்திருக்கிறது. மூன்றும் அமெரிக்காவில்.