மோதலும் காத்திருப்பும்

ஹொனலூலு நகரை ஒட்டிய மனோவாப் பள்ளத்தாக்கில், ஹவாய் சர்வகலாசாலையில் இருந்த கணிப்பொறியைக் கடலுக்கு அப்பால் மற்றத் தீவுகளில் இருக்கும் கல்லூரிகளும் உபயோகிக்க வழி செய்ய வேண்டும் என்று எண்ணிய பேராசிரியர் நார்மன் ஏப்ராம்சன், ஒரு கணம் பேசி நெடுநேரம் மௌனமாக இருக்கும் இயல்புடைய கணிப்பொறிகளுக்குத் தொலைபேசிக் கம்பிகள் ஏற்றவையல்ல என்று கண்டு, ரேடியோ அலைகளை நாடினார். 1971 ஜூன் மாதத்தில் இயங்கத் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்கு அலோஹாநெட் என்று பெயர். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் வைஃபை, அதன் வம்சத்தில் வந்ததே.

அவருடைய துணிவு எதில் இருந்தது என்றால், எல்லா நிலையங்களுக்கும் 407.350 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையைக் கொடுத்து, முறை வகுக்க ஒருவரையும் நியமிக்காமல், செய்தி உள்ளவர் உள்ளபோதே அனுப்பட்டும் என்று விட்டுவிட்டதில்தான். 704 பிட் நீளமுள்ள பொதியாகச் செய்தி புறப்படும். இரண்டு பொதிகள் ஒரே சமயத்தில் வானில் எழுந்தால் இரண்டும் கலந்து சிதைந்துவிடும். பழுதின்றி வந்து சேர்ந்த பொதிக்கு மத்திய நிலையம் வேறோர் அலைவரிசையில் ரசீது அனுப்பும். ரசீது வராவிட்டால், அனுப்பிய நிலையம் மோதல் நேர்ந்தது என்று ஊகித்து மறுபடி அனுப்பும். ஆனால் மோதிய இரண்டும் ஒரே அளவு நேரம் பொறுத்து அனுப்பினால் மீண்டும் மோதிக்கொள்ளும் அல்லவா? ஆகையால் ஒவ்வொன்றும் தனித்தனியே சீட்டுக் குலுக்கி எடுத்தாற்போல் ஏதேனும் ஒரு கால அளவைத் தேர்ந்து காத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஒழுங்கை உண்டாக்கும் பொறுப்பைத் தற்செயலிடமே ஒப்படைத்த இந்த யுக்தியைப் போல் என் மனத்தைக் கவர்ந்தது செய்தித் தொடர்புக் கலையில் வேறொன்று இல்லை.

இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. எவ்வளவு பாடுபட்டாலும் பாதையின் கொள்ளளவில் 18.4 சதவீதத்துக்கு மேல் பயன் கிட்டாது என்று கணிதம் காட்டியது. லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1972இல் காலத்தைச் சம கூறுகளாக வகுத்து, கூற்றின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று விதிக்க, ஒரு பொதியின் வாலை மற்றொன்றின் தலை இடிக்கும் விபத்து நீங்கி, அந்த அளவு இரு மடங்காயிற்று.

பேசுமுன் பிறர் பேசுகிறார்களா என்று செவிசாய்க்கும் முறையை லெனார்ட் கிளைன்ராக்கும் ஃபுவாட் டொபாகியும் 1975இல் விரிவாக ஆராய்ந்தார்கள். வைஃபைக்கு ஆதாரமான 1997ஆம் ஆண்டு விதிமுறை இதைக் கைக்கொண்டது. அதன் பின்வந்த பழைய வைஃபை வகை ஒன்றைக் கூர்ந்து பார்ப்போம். வானில் 50 மைக்ரோவிநாடி நிசப்தம் நிலவியதும், அனுப்பக் காத்திருக்கும் கருவி 0 முதல் 31 வரை ஓர் எண்ணைத் தற்செயலாக எடுத்து, 20 மைக்ரோவிநாடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, பூஜ்யத்தை எட்டியதும் அனுப்பும். நடுவே வேறொருவர் பேசத் தொடங்கினால் எண்ணிக்கையை அப்படியே நிறுத்திவைத்து, அவர் முடித்த பின் விட்ட இடத்திலிருந்து தொடரும். வெகுநேரம் காத்தவரின் முறை இதனால் நெருங்கி வருகிறதேயன்றி வீணாவதில்லை. மோதல் நேர்ந்துவிட்டால் 31 என்பது 63 ஆகும், பிறகு 127, இப்படியே 1023 வரையில் விரியும். நெரிசல் மிகுந்தால் ஒவ்வொருவரும் தாமாகவே அதிகம் ஒதுங்கி நிற்கிறார்கள்.

கம்பியில் செய்தி அனுப்புகிறவர் அனுப்பும்போதே மோதலை உணர்ந்து நிறுத்திவிடலாம். ரேடியோவில் அது எளிதன்று. தன் குரலின் பேரோசையில், தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலை மூழ்கிப்போகும். அதோடு, கூடத்தில் இருக்கும் வைஃபை பெட்டிக்கு இருபுறமும் தடித்த சுவர்களுக்கு அப்பால் உள்ள இரண்டு கைப்பேசிகள் ஒன்றையொன்று கேளாமலே பெட்டியுடன் பேச முற்படலாம். இதற்குப் பரிகாரமாக, முதலில் சிறு அனுமதி விண்ணப்பம் ஒன்றை அனுப்பி, பெட்டி தரும் சம்மதத்தை மறுபுறத்திலுள்ளதும் கேட்டு, குறிப்பிட்ட நேரம் வாய்மூடி இருக்கச் செய்தார்கள்.

கோபுரமே முறை வகுத்துக் கொடுக்கும் செல்பேசி வலையமைப்பிலும் தற்செயலுக்கு ஓர் இடம் உண்டு. புதிதாக அழைக்க விரும்பும் கைப்பேசிக்கு ஒதுக்கிய இடம் எதுவும் இராது; அப்படியொரு விருப்பம் இருப்பதே கோபுரத்துக்குத் தெரியாது. எனவே அந்த முதல் கோரிக்கையை மட்டும் அது பொது வழியில், ராபர்ட்ஸ் காட்டிய காலக் கூறுகளில், மோதலுக்குத் துணிந்தே அனுப்புகிறது.