காணாமற்போன 62 கிலோ

தூத்துக்குடியில் உப்பைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அந்த உப்பு ஊரை விட்டுப் போன பின் என்னவாகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பவர் சிலரே. பாத்தியில் விளைந்த உப்பு ஆலையில் சோடா சாம்பலாகிறது. சோடா சாம்பல் உலையில் கண்ணாடியாகிறது. கண்ணாடி என்றோ ஒரு நாள் குப்பைக்குப் போகிறது. இவ்வழி நெடுகச் செலவாகும் எரிபொருள், நீர், வெளிப்படும் புகை அனைத்தையும் கணக்கிடுவதே வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. ஒவ்வொரு தொழிலையும் ஒரு கட்டமாக எழுதி, ஒன்றின் விளைபொருளை அடுத்ததன் இடுபொருளோடு பிணைப்பார்கள். மாணவ நண்பர்களே, பிழை பெரும்பாலும் அந்தப் பிணைப்பில்தான் ஒளிந்திருக்கும்.

சென்ற ஆண்டு கல்லூரி மாணவர் ஒருவர் இத்தகைய கணக்கொன்றுடன் என் வீட்டுக்கு வந்தார். நம்மூர்த் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை கையாண்ட முறையை எடுத்துக்கொண்டிருந்தார். உப்புக் கரைசலில் அம்மோனியாவையும் கரியமிலவாயுவையும் செலுத்தினால் ஆப்பச்சோடா படியும். நவச்சாரம் கரைசலில் தங்கும். ஆப்பச்சோடாவைச் சூடேற்றினால் சோடா சாம்பல் கிட்டும். நவச்சாரம் உரமாகும்.

அவர் இட்டவை: உப்பு 117 கிலோ, அம்மோனியா 34, கரியமிலவாயு 88, நீர் 36. ஆகமொத்தம் 275. பெற்றவை: சோடா சாம்பல் 106, நவச்சாரம் 107. ஆகமொத்தம் 213.

"தம்பி, மீதி 62 கிலோ எங்கே?" என்றேன்.

"கணினி பிழை எதுவும் காட்டவில்லையே, ஐயா" என்றார்.

காட்டாது. சொன்ன எண்ணைப் பெருக்குவதே அதன் வேலை. எடை சரியா என்று அது தானாகக் கேட்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தோம். முதற் கட்டத்தில் குறையில்லை: 275 புகுந்து, ஆப்பச்சோடா 168, நவச்சாரம் 107 என வெளிவந்தது. அடுத்த கட்டத்தில் 168 கிலோ ஆப்பச்சோடா 106 ஆகும்போது 44 கிலோ கரியமிலவாயுவும் 18 கிலோ நீரும் பிரிகின்றன. இதுவே அந்த 62. அந்த வாயு முதற் கட்டத்துக்கே திரும்ப வேண்டியது. மாணவர் அதைப் பிணைக்க மறந்திருந்தார். ஆகவே 44 கிலோ போதுமான இடத்தில் கணக்கு 88 கேட்டது. (இவை சமன்பாட்டின் எண்கள்; ஆலையில் சிறிது சேதாரமும் உண்டு.)

வேறொரு பிழை எதிர்மாறானது. உப்பளத்துக்கு நீர் இறைக்கும் மோட்டாரின் மின்சாரத்தை எழுதியிருந்தார். ஆனால் எந்த மின்நிலையத்தோடும் பிணைக்கவில்லை. ஆகவே உப்பு புகையே இல்லாமல் விளைந்துவிட்டது! சுழி வரக்கூடாத இடத்தில் சுழி வந்தால் அதையே முதலில் ஐயுறுக. விடை 3.6 மடங்கு பிசகினால், மின் யூனிட்டும் மெகாஜூலும் கலந்துவிட்டனவா என்று பாருங்கள். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல் ஆகும்.

இவை ஏட்டுக் கணக்கல்ல. 2016இல் அவ்வாலை தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே கரியமிலவாயுவைப் பிடிக்கத் தொடங்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் பிடிப்பது திட்டம். பிடித்த அளவைக் கொதிகலன் கணக்கில் ஒருமுறையும் சோடா கணக்கில் மறுமுறையும் கழித்தால், நடவாத நன்மையை நடந்ததாகச் சொல்லிவிடுவோம். மேலும், அந்தச் சோடா கண்ணாடி உலையில் உருகும்போது, அடைபட்ட 44 கிலோவும் காற்றுக்கே போகிறது.

"அப்படியானால் பயனே இல்லையா, ஐயா?" என்று மாணவர் கேட்டார். உண்டு. சாதாரண சால்வே முறையில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு அவ்வாயுவைப் பெறுகிறார்கள். அந்தச் சூளைப் புகை மிச்சம். பயனை அங்கே எழுத வேண்டும், ஒரே ஒருமுறை.

புகையைச் சோடாவுக்கும் நவச்சாரத்துக்கும் பங்கிடுவதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எடைப்படி பங்கிட்டால் ஏறக்குறையச் சரிபாதி. விலைப்படி பங்கிட்டால் வேறு. 2006இன் ஐ.எஸ்.ஓ. 14044 நெறி, கூடுமானவரை பங்கிடாமலே தீர்க்கச் சொல்கிறது. விலையைக் கடைசியில்தான் வைக்கிறது. நான் நெறியின் பக்கம். அவர் விலையின் பக்கம். இதற்கிடையே அவர் முள்ளக்காட்டு உப்பளம் ஒன்றில் மோட்டாரின் மீட்டரை நாள்தோறும் குறித்துவருகிறார்.