தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் குண்டு



நிற்கிற தெப்பத்திலிருந்து தூண்டில் போட்டால் ஈயக்குண்டு நேராகக் கீழே போகும். ஓடுற படகில் போட்டால்? தண்ணீர் நரம்பைப் பின்னால் தள்ளும், தூண்டில் மேலே வந்துவிடும். மீனோ கீழே பார் ஓரமாக நிற்கும். இதற்காக ஒரு கருவி இருக்கிறது. பெயர் டவுன்ரிகர். வட அமெரிக்காவின் பேரேரிகளில் சால்மன் மீன் பிடிக்க இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள்.

படகு ஓரத்தில் ஒரு கம்பிச் சுற்று. கம்பி நுனியில் கனமான ஈயக்குண்டு. குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப். தூண்டில் நரம்பைக் கிளிப்பில் மாட்டி, எத்தனை பாகம் வேணுமோ அத்தனை பாகம் இறக்க வேண்டியதுதான். (ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், சுமார் 6 அடி.) மீன் கடித்து இழுத்ததும் கிளிப் நரம்பை விட்டுவிடும். அப்புறம் குண்டு தனி, மீன் தனி!

ஏன் ஈயம்? நம்ம அறிவியல் பாடத்தில் வரும் ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான் காரணம். கடல் தண்ணீருக்குள் 1 கிலோ ஈயம் சுமார் 910 கிராம் எடை காட்டும். 1 கிலோ கருங்கல் சுமார் 620 கிராம்தான் காட்டும். ஈயம் உருவத்திலும் சின்னது, அதனால் நீரோட்டம் அதிகம் தள்ளாது. ஆனால் ஈயம் விஷம். குண்டைப் பல்லால் கடித்து நசுக்காதீர்கள்!

காரங்காட்டில் சுற்றுலா வருகிறவர்கள் துடுப்புப் போடும் கயாக்கைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி சின்னப் படகில் இந்தக் கருவியைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டணும். எட்டிச் சாய்ந்தால் படகு கவிழும்.

2. பிளாஸ்டிக்கில் வெறும் திருகாணி நிற்காது, பிய்ந்து வந்துவிடும். உள்பக்கம் ஒரு தகடு கொடுத்து, ரப்பர் வாசர் வைத்து, போல்ட் நட்டால் முடுக்கணும்.

3. பெரிய படகுக்கு 4, 5 கிலோ குண்டு போடுவார்கள். கயாக்குக்கு அவ்வளவு ஆகாது. 1 கிலோ அளவில் இருந்தால் நல்லது.

4. இதுதான் முக்கியம். குண்டு பாரில் சிக்கிக்கொண்டால் நீரோட்டம் படகைத் தள்ளும், கம்பி ஒரு பக்கத்தைக் கீழே இழுக்கும். அதனால் கம்பிக்குப் பதிலாக அறுக்கிற மாதிரி கயிறு போடணும். கத்தி கைக்குப் பக்கத்திலேயே இருக்கணும்.

பசிபிக் தீவு மீனவர்கள் இதையே ஒரு கல்லை வைத்துச் செய்கிறார்கள். நரம்பைக் கல்லில் சுற்றி, உருவு முடிச்சுப் போட்டு இறக்குவார்கள். ஆழத்துக்குப் போனதும் ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு அவிழ்ந்து கல் விழுந்துவிடும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் பாரத்தைக் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, சட்டென்று விடவும் வழி வேண்டும். நம்ம தெப்பத்துக்கும் இதே கதைதான். நரம்பைக் கையில் சுற்றிக் கட்டக்கூடாது. எங்கள் அப்பா தனியாகத் தெப்பத்தில் போகிறவர். தினமும் கிளம்பும்போது நான் கேட்பேன், "கத்தி எடுத்தாச்சாப்பா?" நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி