சுளுக்கு எடுக்கக் கூடாத முதுகு

கொடைக்கானல் மலையில் அட்டுவம்பட்டிப் பக்கம் முதுகுவலி இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சரிவில் குனிந்து கேரட் பிடுங்கி, பூண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுகிற பிழைப்பு. வலி வந்தால் வாயுப் பிடிப்பு என்பார்கள், தைலம் தேய்ப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் சுளுக்கு எடுக்கிறவர் இருக்கவே இருக்கிறார். பெரும்பாலான வலி சில நாள் ஓய்விலேயே அடங்கிவிடும் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சில வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த பெண்ணுக்கு இதே வலி வந்தால் கணக்கே வேறு.

மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு ஆகிய உறுப்புகளில் வரும் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவது அதிகம். எலும்பிலும் முதுகெலும்பைத்தான் அடிக்கடி பிடிக்கிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, 1889-ல் ஒரு விளக்கம் சொன்னார்: புற்றுசெல் விதை, உறுப்பு மண், விதை எங்கும் சிதறினாலும் தோதான மண்ணில்தான் முளைக்கும். 1940-ல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஆஸ்கர் பேட்சன், இறந்தவர்களின் உடலில் சாயம் செலுத்திப் பார்த்து இன்னொரு வழியைக் காட்டினார். முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் வால்வு கிடையாது. இருமினாலோ முக்கினாலோ ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடும். இடுப்புப் பகுதியிலிருந்து கிளம்பும் புற்றுசெல்லுக்கு அது குறுக்குவழி.

போய்ச் சேர்ந்த செல் எலும்பைத் தானே தின்பதில்லை. பழைய எலும்பை அரிக்கவும் புதியதைக் கட்டவும் நம் உடலிலேயே தனித்தனி செல்கள் உண்டு. புற்றுசெல் அரிக்கிற கூட்டத்தை முடுக்கிவிடுகிறது. அரிபட்ட எலும்பிலிருந்து கசியும் வளர்ச்சிப் பொருட்களைத் தின்று தானும் பெருக்கிறது. பெருத்தது மேலும் அரிக்க வைக்கிறது. கடைசியில் முள்ளெலும்பு நொறுங்குவதற்கு விழவே வேண்டாம். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் போதும், பலமாக ஒரு இருமல் வந்தாலே போதும்.

எக்ஸ்ரேயை நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான். முள்ளெலும்பில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கரைந்த பிறகே படத்தில் மாற்றம் தெரியும். முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு வட்டங்கள் கண்கள் போலவும், நடுவில் முள் அலகு போலவும் இருக்கும். ஒரு வட்டம் அரிபட்டுக் காணாமல் போனால், ‘கண்ணடிக்கும் ஆந்தை’ என்பார்கள் மருத்துவர்கள். ஆந்தை கண்ணடிக்கும் வரை காத்திருப்பது தாமதம். புற்றுநோய் வந்துபோனவருக்கு விடாத முதுகுவலி என்றால், முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதே சரி.

நொறுங்கிய எலும்போ கட்டியோ தண்டுவடத்தை அழுத்தினால் கால் தளரும். அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான். சிகிச்சை தொடங்கும்போது நடந்து வந்தவர் பெரும்பாலும் நடந்தே திரும்புகிறார். படுத்துவிட்டவரை எழுப்புவது கடினம். தண்டுவடம் அழுத்தப்பட்ட 101 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதத்தினரும், அறுவை சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 சதவீதத்தினரும் நடந்தார்கள்.

வலியைக் குறைக்கவும் வழி இருக்கிறது. ஒரே வேளையில் 8 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு வலி குறைகிறது. எலும்பு அரிபடுவதைத் தடுக்க ஸோலெட்ரானிக் அமில ஊசி உண்டு. நொறுங்கிய முள்ளெலும்புக்குள் ஊசி வழியாகச் சிமென்ட் செலுத்தும் முறை 1984-ல் பிரான்சில் தொடங்கியது, நம்மூரிலும் செய்கிறார்கள்.

அட்டுவம்பட்டிக்காரருக்கு மதுரை பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மருத்துவமனை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பாதித் தூரம் வளைவுகள். கால் மரத்த பிறகு வண்டி தேடினால் மலை இறங்குவதற்குள்ளேயே நேரம் போய்விடும். அதனால் படுத்தால் கூடுகிற வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, மார்பைச் சுற்றிப் பட்டை கட்டியது போன்ற இறுக்கம் வந்தாலே கிளம்பிவிடுங்கள். கால் தளர்ச்சியோ சிறுநீர் அடைப்போ சேர்ந்தால் அன்றே போக வேண்டும். அந்த முதுகை யாரும் அமுக்கவோ நீவவோ விடாதீர்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும், ‘முதுகு வலிக்கிறது’ என்பதற்கு முன்பே, ‘எனக்குப் புற்றுநோய் இருந்தது’ என்று சொல்லிவிடுங்கள்.